முந்திப் போகும் பட்டையும் ஒரு துண்டும்

சொந்த ஊரில் லாட்ஜ் எடுக்கிறவனுக்கு முதல் சிக்கல் பதிவேட்டில் வரும். பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதிவிடலாம். 'வந்த காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது பாருங்கள், அங்கேதான் என் பேனா நின்றது. திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இருந்த அந்த லாட்ஜின் மேனேஜர் அண்ணாச்சி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பூர்வீகம் எது என்று கேட்டார். கல்லிடைக்குறிச்சி என்றேன்.

"கூப்பிடு தூரத்துல ஊர வச்சுக்கிட்டு இங்கன எதுக்குத் தங்குதிய?" என்றார்.

அப்பா அம்மா இல்லை, வீட்டை விற்று ஒன்பது வருடம் ஆகிறது, இருந்த ஒரே அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று லாட்ஜ் மேனேஜரிடமா ஒப்பிக்க முடியும்? 'சொந்த வேலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் சாவியோடு ஒரு சோப்பையும் கொடுத்தார்.

சொந்த வேலை என்பது என் அக்கா மகள் மதியைப் பார்ப்பது. முழுப் பெயர் காந்திமதி, வயது பத்து. அக்கா இறந்தபோது அவளுக்கு ஏழு. அதற்குப் பிறகு நான் ஊருக்கு வரவில்லை. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர் வேலை, கல்யாணம் காட்சி எதுவும் ஆகவில்லை, லீவு கேட்க எனக்கு வலுவான காரணம் ஏதும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வேன். முதலில் அரை மணி நேரம் பேசினாள். பிறகு பத்து நிமிடம். கடைசியில், "நல்லாருக்கேன் மாமா, அப்பாட்ட குடுக்கேன்" என்பதோடு முடிந்தது. போன வருடம் அத்தான் மறுமணம் செய்துகொண்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் புதுச் சித்திக்கு ஒரு தம்பி இருக்கிறார், பெயர் முருகேசன், பக்கத்துத் தெருவிலேயே வீடு. அவரும் மாமாதான். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விடுகிற மாமா. அதைக் கேட்ட அன்றைக்குத்தான் டிக்கெட் போட்டேன். இன்னும் ஒரு வருடம் விட்டால் நான் மாமாவாக இருக்க மாட்டேன், சிங்கப்பூரில் இருக்கும் யாரோ ஒருவனாகிவிடுவேன் என்று பயம் வந்துவிட்டது.

தீம் பார்க் கூட்டிப் போகிறேன் என்று அவளுக்கு எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த விஷயத்தில் நான் கொஞ்சம் தேறினவன். செந்தோசாத் தீவில் இருக்கிற பெரிய பார்க்குக்கு விடுமுறை நாட்களில் தனியாகவே போவேன். அங்கே மூன்று வரிசை உண்டு. சும்மா வருகிறவர்களுக்கு ஒன்று, கூடக் காசு கொடுத்து முந்திப் போகிறவர்களுக்கு ஒன்று, ஒற்றையாளாக வருகிறவர்களுக்கு ஒன்று. மூன்றாவதுதான் என்னுடையது. ஐந்து பேர் குடும்பமாக வந்தால் ஆறாவது இருக்கை காலியாகும், அதை அடைக்க என்னை உட்கார வைப்பார்கள். காசு கொடுத்தவர்களைவிடச் சில நேரம் நான் முன்னால் போய்விடுவேன். இறங்கி வந்தால் திரையில் படம் காட்டுவார்கள். யாரோ ஒரு சீனக் குடும்பம் கையைத் தூக்கிக் கத்திக்கொண்டிருக்கும், ஓரத்தில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு இருப்பேன். ஒருமுறை அந்தப் படத்தைக் காசு கொடுத்து வாங்கினேன். அறை நண்பர்கள் யார் இவர்கள் என்று கேட்டார்கள். பிறகு வாங்குவதில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அத்தான் வீடு இருக்கிற ஆழ்வார்குறிச்சிக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றேன். 'நின்றேன்' என்பதைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர்ப் பழக்கத்தில், எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவருக்குப் பின்னால் ஒழுங்காக வரிசையில் நின்றேன். பஸ் வந்தது. பெரியவர் பஸ்ஸுக்கே வரவில்லையாம், நிழலுக்கு நின்றாராம். அதற்குள் பஸ்ஸின் எல்லா ஜன்னல்கள் வழியாகவும் துண்டுகள், பைகள், ஒரு குடை, ஒரு பள்ளிக்கூடப் புத்தகம் உள்ளே பறந்தன. நான் ஏறும்போது ஆள் இல்லாத இருக்கை நிறைய இருந்தது, துண்டு இல்லாத இருக்கை ஒன்றுகூட இல்லை. இந்தப் பஸ் வேண்டாம், அடுத்ததில் போகலாம் என்று இறங்கினேன். அடுத்ததும் அப்படியே. மூன்றாவதில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் மாற வேண்டிய அம்பை வரை போனேன். யோசித்துப் பார்த்தால் துண்டு போடுவதும் முந்திப் போகிற சீட்டுதான். காசுக்குப் பதிலாகக் கை வீச்சு. ஆனால் துண்டு கிடந்தால் அந்த இடத்தில் இன்னொருவர் உட்கார மாட்டார், அதற்கு இங்கே ஒரு மரியாதை இருக்கிறது. அம்பையில் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு ஈரிழைத் துண்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

அத்தான் பள்ளிக்கூட வாத்தியார். வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். முன்னறையில் அதே பிரம்பு நாற்காலி கிடந்தது. அக்கா இருந்த காலத்தில் நான் வந்தால் அதில்தான் உட்காருவேன், வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் அவளே எழுப்பிவிடுவாள். இப்போது அதில் முருகேசன் இருந்தார். பதறி எழுந்து உட்காரச் சொன்னார். நல்ல மனிதர், அதுதான் எனக்கு எரிச்சல். பரவாயில்லை என்று கட்டிலில் உட்கார்ந்தேன்.

மதி வந்து, "வாங்க மாமா" என்றாள். வளர்ந்திருந்தாள். நெற்றியும் புருவமும் அப்படியே அக்கா. நான் கொண்டு வந்த சாக்லேட்டையும் பென்சில் பெட்டியையும் இரண்டு கையாலும் வாங்கி, ரொம்ப தேங்க்ஸ் மாமா என்று சொல்லிவிட்டு, முருகேசன் மாமாவோடு சைக்கிள் பழகப் போய்விட்டாள். விருந்தாளியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி நடந்துகொண்டாள். அதைக் குறை சொல்ல முடியாது.

மத்தியானம் சொதி. சித்தி திசையன்விளைப் பக்கம், அவர்கள் வீட்டில் இதெல்லாம் வழக்கமில்லையாம். எனக்குப் பிடிக்கும் என்று அத்தான் சொல்லி, யாரிடமோ போனில் பக்குவம் கேட்டு வைத்திருந்தார்கள். தேங்காய்ப்பால் திரியாமல், இஞ்சித் துவையலோடு நன்றாகவே இருந்தது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். அந்த வீட்டில் நான் இருந்த நான்கு மணி நேரத்தில் அக்காவின் பெயரை யாரும் எடுக்கவில்லை. அத்தான் சித்திக்காகத் தவிர்க்கிறார், சித்தி அத்தானுக்காகத் தவிர்க்கிறார்கள், நான் இரண்டு பேருக்காகவும் தவிர்த்தேன். அவள் படம்கூட உள்ளறைக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுச் சாஸ்தா கோயிலுக்கு எல்லோரும் போகிறார்கள், அதனால் மதிக்குச் சனிக்கிழமை ஒருநாள்தான் தோது என்று அத்தான் சொன்னார். திங்கட்கிழமை எனக்கு விமானம். ஆக மூன்று வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை.

பார்க் திருநெல்வேலிக்குத் தெற்கே, நாற்கரச் சாலையை ஒட்டி இருந்தது. சுற்றிலும் காற்றாலைகள். லாட்ஜ் மேனேஜர் ஏற்பாடு செய்த காரில் காலையிலேயே ஆழ்வார்குறிச்சி போய் மதியை அழைத்து வந்தேன். வழி முழுக்க அவள் ஜன்னலைப் பார்த்தாள், நான் ஏதாவது கேட்டால் பதில் சொன்னாள். எந்த வகுப்பு, எந்த டீச்சர், என்ன பாடம் பிடிக்கும். பரீட்சைக் கேள்வி கேட்கிற மாதிரி எனக்கே பட்டது, நிறுத்திவிட்டேன்.

பள்ளி விடுமுறை, கூட்டம் நெரிந்தது. சீட்டு கொடுக்கிற இடத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை. ஏறக்குறைய அதே அளவு காசு மறுபடியும் கொடுத்தால் ஆரஞ்சு நிறக் கைப்பட்டை கட்டுவார்கள், எந்த விளையாட்டிலும் வரிசையில் நிற்க வேண்டாம். பட்டை தேவையா என்று நான் இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெரிய விளையாட்டு எட்டு, ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம் வரிசை, எங்களுக்கு இருப்பது ஒரே பகல். அந்தப் பகலை வெயிலில் நின்று வீணாக்குவதா? இரண்டு பட்டை வாங்கினேன். அவள் கையில் அதைக் கட்டும்போது முருகேசன் இதெல்லாம் வாங்கித் தர மாட்டார் என்றுகூட நினைத்தேன். நினைத்தது உண்மை, அதனால் எழுதுகிறேன்.

ஓடினோம். ஒன்றில் இறங்கி அடுத்ததில் ஏறி, ஈரத்தோடு அடுத்த மாடிப்படி. காத்திருப்பவர்களை உரசிக்கொண்டு பக்கத்து வழியாகப் போகும்போது கைக்குழந்தையை வைத்திருந்த ஒரு அம்மாள் தன் வீட்டுக்காரரிடம், கோயிலிலும் காசுக்காரன்தான் முதலில் சாமி பார்க்கிறான், இங்கேயும் அவன்தான் என்று சத்தமாகவே சொன்னார். நானும் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கிச் சாமி கும்பிட்டவன்தான், காதில் விழாத மாதிரி போய்விட்டேன். தண்ணீர்ச் சறுக்கலில் மதி கத்தினாள், சிரித்தாள், இறங்கியதும் வாயை மூடிக்கொண்டாள். அவள் முன்னால் ஓடுவாள், நான் பின்னால். பேச்சென்றால் 'அடுத்து எது மாமா', 'அந்தா அது', அவ்வளவுதான்.

பன்னிரண்டே கால் மணிக்கு எட்டும் முடிந்தது. சித்தி கட்டிக் கொடுத்த புளியோதரையை வாசல் பக்கத்து மரத்தடியில் வைத்துச் சாப்பிட்டோம். கையைக் கழுவிவிட்டு வந்து மதி கேட்டாள்.

"எல்லாம் முடிஞ்சிட்டுல்லா மாமா. அப்ப வீட்டுக்குப் போவமா?"

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வேலை முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே. மூன்று வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை, அதில் பாதியை நானே காசு கொடுத்து வெட்டி எறிந்திருக்கிறேன். பெரிய சறுக்கலில் இன்னொரு முறை போகலாம் என்றேன். சரி என்று எழுந்தாள்.

பட்டைக்காரர்களின் வழிக்குப் பக்கத்தில் போனதும் சட்டென்று நின்றாள். என் தோளில் இருந்த துண்டை இழுத்துத் பட்டை தெரியாதபடி தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

"மாமா, அந்தா வரிசையில எங்க கிளாஸ் பேச்சியம்மா நிக்கா. அவிய வீட்டு ஆளுக எல்லாம் வேன் புடிச்சு வந்துருக்காவ."

பார்த்தால் பார்க்கட்டுமே என்றேன்.

"அவ எம்புட்டு நேரமா நிக்காளோ. நாம அவள முந்திப் போனா நல்லாவா இருக்கும்?"

சாதாரண வரிசையின் கடைசியில் போய் நின்றோம். அங்கிருந்து ஐம்பது நிமிடம் என்று பலகை சொன்னது. பேச்சியம்மாள் முன்னால் இருந்து கையசைத்தாள். இவளும் துண்டு சுற்றாத கையால் அசைத்தாள்.

மேலே தகரக் கூரை, கீழே ஈரத் தரை, முன்னால் ஒரு தடித்த மனிதரின் முதுகு. நகர்ந்தோம், நின்றோம். வரிசையில் ஒரு வசதி இருக்கிறது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே மதி கேட்டாள்.

"மாமா, எங்கம்மா இதுல ஏறுவாளா?"

"ஏறவே மாட்டா. ஒங்கம்மாவுக்குத் தண்ணின்னா அம்புட்டு பயம்."

கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் அக்கா மூன்றாவது படிக்குக் கீழே இறங்கியதில்லை என்பதைச் சொன்னேன். ஆற்றுக்குத்தான் பயம், ஆட்களுக்குப் பயம் கிடையாது. அம்பையில் படிக்கும்போது பஸ் வந்தால் அவள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசுவாள். அப்பாவின் துண்டு ஒன்றை இதற்கென்றே புத்தகப் பைக்குள் வைத்திருப்பாள். ஒரே வீச்சில் இரண்டு பேர் இடத்துக்கும் விரிந்து விழும். எவனாவது அதை ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தால், எந்தம்பிக்குத் துண்டு போட்டது என்று எழுப்பிவிடுவாள். நான் கடைசியாக ஏறி ராஜா மாதிரி உட்காருவேன்.

மதி சிரித்தாள். பிறகு அந்த முதுகிடமே சொல்வதுபோலச் சொன்னாள்.

"எனக்கு அம்மா குரல் மறந்துட்டு மாமா. மொகம் இருக்கு. குரல் வரமாட்டேங்குது. வீட்டுல கேட்டா அப்பா கண்ணு ஒரு மாதிரி ஆயிருது. சித்தியும் பாவம்."

எனக்கு அழுகை வந்தது. வரிசையில் முன்னும் பின்னும் ஆட்கள், அழ முடியாது. அக்காவுக்கு எப்போதும் சளி பிடித்த மாதிரி ஒரு கட்டைக் குரல். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'கேட்டியா' போடுவாள். என் குரலும் கட்டைதான். பஸ்ஸுக்குள் இருந்து அவள் என்னைக் கூப்பிடுகிற மாதிரி ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"ஏலே, பைய வாலே. எடம் எங்கயும் போவாது, கேட்டியா."

தடித்த மனிதர் தன்னைத்தான் சொன்னேன் என்று திரும்பிப் பார்த்தார். மதி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, சிரிப்பா என்னவென்று தெரியவில்லை.

"இன்னொருக்க சொல்லுங்க."

சொன்னேன். சோறு போடும்போது எப்படிச் சொல்வாள், திட்டும்போது எப்படி, மதி பிறந்த அன்று போனில் என்னிடம் என்ன சொன்னாள், எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இதையெல்லாம் முருகேசன் மாமாவிடம் கேட்க முடியாது, அவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. வரிசை இவ்வளவு வேகமாக நகர்ந்ததற்காக நான் வாழ்க்கையில் முதல்முறையாக வருத்தப்பட்டேன். மதி என் சட்டையை இழுத்தாள்.

"மாமா, பின்னால உள்ளவியள விட்டுருவமா?"

விட்டோம். பின்னால் நின்ற குடும்பத்தை விட்டோம், அதற்குப் பின்னால் வந்த கல்லூரிப் பையன்களை விட்டோம், அப்புறம் ஒரு புதுமணத் தம்பதியை. பயமாக இருந்தால் இறங்கிப் போய்விடலாம் சார் என்று சறுக்கலில் ஏற்றிவிடுகிறவர் பரிவோடு சொன்னார். முந்திப் போகப் பட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் பிந்தி நிற்க இடம் கேட்கிறோம் என்று அவரிடம் விளக்க முடியவில்லை. ஆமாம், கொஞ்சம் பயம் என்றேன். சறுக்கி முடித்ததும் வேறொன்றின் வரிசைக்கு ஓடினோம், கூட்டம் அதிகமாக இருக்கிறதா என்று பார்த்து. மூடுகிற மணி அடிக்கும் வரை நின்றோம்.

வெளியே வந்தால் கார் இல்லை. நாங்குநேரியில் வண்டி நின்றுவிட்டது, மெக்கானிக்கைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று டிரைவர் போனில் சொன்னார். பஸ் பிடித்துத் திருநெல்வேலி வந்தோம். அங்கே ஆழ்வார்குறிச்சி போகிற பஸ்ஸுக்குத் திருவிழாக் கூட்டம். நான் வழக்கம்போல யாருக்கோ பின்னால் நின்றேன். பஸ் முழுதாக நிற்பதற்குள் மதி முன்னால் ஓடினாள். மணிக்கட்டில் இருந்து துண்டை அவிழ்த்து, எம்பி, மூன்றாவது ஜன்னலுக்குள் வீசினாள். பாதி வெளியே தொங்கியது. உள்ளே இருந்த ஒரு ஆச்சி அதை இழுத்துச் சரியாக விரித்துவிட்டார். நான் கடைசியாக ஏறி உட்கார்ந்தேன். சேரன்மகாதேவி வருவதற்குள் மதி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஈரத் துண்டு இரண்டு பேர் மடியிலும் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலுக்குப் போனார்கள். எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. சாயங்காலம் அல்வா வாங்க வரிசையில் நின்றேன். சுடச்சுட இலையில் வாங்கி, வழுக்கும் நெய்யோடு நின்றபடியே தின்றேன். பின்னால் நின்ற யாரோ ஒரு அண்ணாச்சி, வீட்டில் எத்தனை பேருக்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டார். அறை நண்பர்கள் மூன்று பேர் என்றேன். வியர்வையைத் துடைக்கத் தோளில் கை வைத்தபோதுதான் துண்டு இல்லாதது தெரிந்தது. அன்று ராத்திரி எட்டு மணிக்கே படுத்துவிட்டேன்.

திரும்பி வந்ததும் பட்டறையில் ஒருவர், ஊரிலும் தீம் பார்க் போனாயாமே, முந்திப் போகிற பட்டை வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டார். அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், தினம் வீட்டில் பார்க்கிற பிள்ளைகள். வாங்குங்கள், வெயிலுக்கு நல்லது என்றேன். அவருக்கு அது சரியான பதில்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். நல்லாருக்கேன் மாமா என்றாள். அப்பாவிடம் கொடுக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். கொடுக்கவில்லை.

"மாமா, ஒங்க துண்டு இங்கன கெடக்கு."

உனக்குத்தான், நீயே வைத்துக்கொள் என்றேன்.

"இல்ல மாமா. சித்தி தொவைச்சுக் குடுத்தாவ, மடிச்சு உள்ள வைக்கச் சொன்னாவ. நான் பெரம்பு நாக்காலிலயே போட்டு வச்சிருக்கேன்."

அப்படியானால் முருகேசன் மாமா வந்தால் எங்கே உட்காருவார் என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அவிய கட்டில்ல உக்காந்துக்கிடுவாவ. நாக்காலி துண்டு போட்டது. நீங்க பைய வாங்க, கேட்டியளா."

கேட்டேன் என்று சொன்னேன்.